உப்பு போட்ட ஐஸ்

காசிமேட்டில் மீன் பெட்டி கட்டுகிறவர்களுக்கு ஐஸ் இரண்டு ரகம். ஒன்று வெறும் ஐஸ். பாளமாக வந்து இறங்கும். நொறுக்கி, மீனுக்குக் கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு போட்டால் உள்ளூர்ச் சந்தைக்குப் போய்ச் சேரும்வரை தாங்கும். இன்னொன்று உப்பு போட்டது. அது கேரளாவுக்கும் பெங்களூருக்கும் போகிற லாரிக்கு. குல்ஃபிக்காரன் பானைக்குள் ஐஸோடு கல்லுப்பைப் போட்டுக் குலுக்குகிறானே, அதே வேலைதான். உப்பு சேர்ந்தால் ஐஸுக்கு வெறி பிடிக்கும். வெறும் ஐஸ் மீனைக் குளிரவைக்கும், உப்பு ஐஸ் மீனைக் கல்லாக்கும். ரப்பர் உறை இல்லாமல் அதில் இரண்டு நிமிடம் கை வைத்தால் விரல் வெளுத்து மரத்துப்போகும். பிறகு அடுப்பில் வைத்தது போல எரியும்.

இதெல்லாம் ஜெயவேலுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அவன் கையால் வாரிப் போட்ட உப்பு. தெரிந்த மனுஷன்தான் அந்தக் காரியத்தைச் செய்தான்.

அவன் பெண்டாட்டி ரமாபாய்க்கு மங்கு விழுந்து ஆறேழு வருடம் ஆகிறது. இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும், வெள்ளைத் துணியில் டீ சிந்திக் காய்ந்த நிறத்தில். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் தள்ளுவண்டி போட்டு இட்லி, பூரி, வடைகறி விற்கிறவள். எதிரே கடலிலிருந்து நேராக ஏறி வரும் வெயில், கீழே இரண்டு அடுப்பு. நடுவில் அவள் முகம். கன்டெய்னர் லாரிக்காரர்கள் வரிசை கட்டி நின்று தின்பார்கள். வடைகறியில் காரம் குறைந்தால் சொல்வார்களே ஒழிய ஒருவனும் அவள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் கண்ணாடியைத் தேடிப் போனவள் இல்லை. தலை வாருகிற அவசரத்தில் கண்ணில் பட்டால் உண்டு.

தம்பி அறிவின் நிச்சயதார்த்தத்தன்றுதான் அது கெட்டது.

அறிவு வெல்டர். அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது, ரமாபாய்க்குப் பத்தொன்பது. அடுத்த வருடம் கல்யாணமாகி ஜெயவேல் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் இன்னொரு கையில் தம்பியுமாகத்தான் வந்தாள். இன்றைக்கு அவனுக்கு இருபத்தொன்பது. புழலில் பெண் அமைந்தது. தட்டு மாற்றுகிற நேரத்தில் பெண்ணின் பெரியம்மா, பளிச்சென்று பவுடர் போட்ட பெரிய முகம், ரமாபாயைப் பார்த்துக் கேட்டாள்.

"மாப்ளைக்கு அம்மா இல்லன்னு சொன்னாங்க. இதோ கீறாங்களே?"

"அம்மா இல்லீங்க. அக்கா" என்றாள் ரமாபாய்.

"அக்காவா?" என்றாள் பெரியம்மா. அந்த 'வா'வைக் கொஞ்சம் இழுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உடனே வடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் ரமாபாய் விளக்கைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள்.

"யோவ், நான் அவனுக்கு அம்மா மாரியா கீறேன்?"

"நீதானமே வளத்த."

"நான் அத்த கேக்கல."

 ஜெயவேல் லுங்கியை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டான்.

அவர்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மிச்சம் இரண்டும் மாப்பிள்ளையின் அக்கா தங்கை போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பது அதைத்தான். மண்டபமே அந்த நேரம் அந்த ஒரு இடத்தைத்தான் பார்க்கும். வீடியோக்காரன் விளக்கைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடிப்பான். பீ துடைத்து, சோறு ஊட்டி, வெல்டிங் பொறி பட்ட கண்ணுக்கு ராத்திரியெல்லாம் ஈரத்துணி போட்டு வளர்த்த தம்பிக்கு அந்த முடிச்சைப் போடப் போகிறோம் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவள், இப்போது அந்த விளக்கை மட்டும் நினைக்க ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

மகள் அம்முவின் போனில் ஒருத்தி இருந்தாள். பளிங்கு மாதிரி முகம். தினமும் ஒரு வைத்தியம் சொல்வாள். எல்லாமே ஏழே நாளில் குணமாகும். எல்லாமே சமையலறையிலேயே இருக்கும். அதுதான் ரமாபாயைப் பிடித்துப் போட்டது. டாக்டர், மருந்து என்றால் யோசித்திருப்பாள். உருளைக்கிழங்கும் காபித்தூளும்தானே.

"உருளக்கெயங்கு பொரியல் எங்கமே?" என்றான் ஜெயவேல் ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு.

"மூஞ்சில."

நிமிர்ந்து பார்த்தான். மெய்யாகவே மூஞ்சியில்தான் இருந்தது.

உருளைக்கிழங்கு முடிந்து தக்காளி வந்தது. தக்காளிக்குப் பிறகு காபித்தூளும் சர்க்கரையும். மெல்லத் தேய்க்க வேண்டும் என்று போன்காரி சொன்னாள். ரமாபாயின் கை இருபது வருடம் இட்லிப் பானை தேய்த்த கை. அதற்கு மெல்ல என்றால் என்னவென்று தெரியாது. கன்னம் சிவந்து தோல் உரிந்தது. அதன்மேல் எலுமிச்சம்பழமும் ஆப்பசோடாவும் பூசிக்கொண்டு, கழுவ நேரமில்லாமல் வண்டிக்குப் போய் வெயிலில் நின்றாள். மங்கு முன்னைவிட ஒரு சுற்று கறுத்தது.

"ம்மா, நீ மூஞ்சிய கழுவுறியா, இல்ல சமைக்கிறியா?" என்றாள் அம்மு.

"நீ வாய மூடு. உன் போன்ல வர்றதத்தான செய்றேன்."

"போன்ல ஆயிரம் வரும். அவ மூஞ்சிக்கு முன்னாடி வட்டமா ஒரு லைட்டு கீதே, அத்த பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஐஸ் வந்தது. போன்காரி பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஐஸ் கொட்டி முகத்தை முக்கி எடுத்தாள். மங்கு சுருங்கும், தோல் இறுகும், பத்து வயது குறையும் என்றாள். ரமாபாய் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் வைக்க இடமில்லை. மேலிருந்து கீழ்வரை மறுநாள் இட்லி மாவு.

"நீ ஐஸ்லயே குந்திக்கினுகீற ஆளு. எனக்கு ஒரு பெட்டி எடுத்தாரக் கூடாதா?"

இதைக் கேட்டதும் ஜெயவேலுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. கல்யாணமான நாள் முதலாக அவன் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தால், கவிச்சி வாடை என்று வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்லி, குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள். அவன் புழங்குகிற பொருள் எதுவும் அவளுக்கு வேண்டியிருந்ததில்லை. இன்றைக்குக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் காசிமேட்டில் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டான். வெறும் ஐஸ் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. ஆனால் வேலை முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது, அதற்குள் பாதி தண்ணீராகிவிடும் என்று நினைத்தான். பக்கத்தில் கொல்லம் லாரிக்கு வஞ்சிரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐஸ் வைரம் மாதிரி இறுகிக் கிடந்தது. வஞ்சிரத்துக்குப் போடுவதை அவளுக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது என்று நாலு வாரு வாரிப் பெட்டியில் கொட்டி மூடினான். அது சுடும் என்பது அவன் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்தது அன்றைக்குத் தலைக்கு ஏறவில்லை.

மத்தியானம் ரமாபாய் ஒரு கைப்பிடி ஐஸை மெல்லிய துணியில் முடிந்து இடது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். போனைச் சுவரில் சாய்த்துவைத்திருந்தாள். "எரிச்சல் வந்தா பயப்படாதீங்க, வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றது போன்.

எரிந்தது. இன்னொருத்தியாக இருந்தால் பத்து எண்ணுவதற்குள் தூக்கி எறிந்திருப்பாள். ரமாபாய் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நின்று பழகியவள். வலி என்றால் வேலை நடக்கிறது என்றுதான் அவளுக்கு எப்போதும் அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு நிமிடம் வைத்திருந்தாள். அடுத்த கன்னத்துக்குப் போவதற்காகத் துணியை எடுத்தபோது, அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து அப்போதுதான் வந்த அம்மு பையைக் கீழே போட்டாள்.

"ம்மா, இன்னா கன்னம் வெள்ளையா கீது?"

வெளுத்துக் கிடந்த இடம் சாயங்காலத்துக்குள் சிவந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் பூரி மாதிரி உப்பி நீர் கோத்துக்கொண்டது.

"என் புத்தியதான் செருப்பால அடிக்கணும்" என்றாள் ரமாபாய், சுவரைப் பார்த்துக்கொண்டு. "கெயவிக்கு எதுக்கு இந்த ஷோக்கு. என் மேலதான் தப்பு."

ஜெயவேல் சமையலறைக்குப் போனான். பெட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். கடல் தண்ணீர்கூட அத்தனை கரிக்காது. பெட்டியைக் கவிழ்த்துச் சாக்கடையில் கொட்டினான். கொட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் டோல்கேட் பக்கத்தில் இருக்கும் தோல் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஆஃபியாவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், படிப்பு வந்தும் பேச்சு மாறாதவர். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு கன்னத்தைத் தொடாமல் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி இன்னா இன்னா போட்டீங்க?"

ரமாபாய் சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். ஆப்பசோடா வந்தபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது ஆப்பத்துக்கும்மா."

"எனக்கும் தெரியும் டாக்டரம்மா. அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு எதுவும் ஆவல. ஏன்னா அவ அத்த போடல. போட்டா மாதிரி படம் புடிச்சிட்டு கழுவிட்டா. நீங்க நெஜமா போட்டுட்டீங்க." கையை விரித்தார். "கொப்புளத்த உடைக்காதீங்க. சும்மா தண்ணி ஊத்திக் கழுவி, தேய்க்காம ஒத்தி எடுங்க. சாதா வாசலின் போடுங்க, அது போதும். தோல் மூடுற வரைக்கும் மேல மேக்கப் கூடாது, மஞ்சள் கூடாது, ஒண்ணும் கூடாது."

"இந்த மங்கு?"

"அத்த அப்புறம் பாப்போம். மொதல்ல சூடும் வெயிலும் கொறையணும். சன்ஸ்கிரீன் எழுதித் தரேன், காயம் ஆறுன பிறவு தினமும் போடணும். ஆறு மாசம் பொறுங்க, மங்கும். முழுசா பூடும்னு எழுதிக் குடுக்க மாட்டேன். வெயில்ல நின்னா திரும்பி வரும்."

ரமாபாய்க்குக் கோபம் வந்தது. "நீங்க படிச்சிட்டு ஆறு மாசம்ன்றீங்க, அதுவும் பூடும்னு சொல்ல மாட்டேன்றீங்க. அவ படிக்காம ஏழு நாளுன்றா."

"அதாம்மா வித்தியாசம்" என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. "ஏழு நாள்னு நான் சொன்னா, எட்டாவது நாள் நீங்க என் கதவ வந்து தட்டுவீங்க. அவ கதவு எங்க கீது?"

ரமாபாயும் சிரிக்கப் பார்த்தாள். கன்னம் இழுத்தது, நிறுத்திக்கொண்டாள். டாக்டர் வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்று கேட்டார். கேட்டுவிட்டு, "வண்டியத் திருப்பிப் போடுங்க. வெயிலு முதுவுல அடிக்கட்டும். மேல ஒரு தார்ப்பாய் கட்டுங்க. இத்த எவளும் போன்ல சொல்ல மாட்டா, பாக்க அழகா இருக்காதுல்ல" என்றார்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சாதா ஐஸ் நாலு நிமிசத்துல இப்படிச் சுடாதே. ஐஸ் எங்க வாங்குனீங்க?"

"இவருதான் எடுத்தாந்தாரு. காசிமேட்ல பெட்டி கட்டறாரு."

டாக்டர் ஜெயவேலைப் பார்த்தார். ஜெயவேல் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தான். லியாகத் அலி பாய் என்று காசிமேட்டில் ஒரு மீன் வியாபாரி இருந்தார். பத்து வருடம் அவர் பெட்டிகளை ஜெயவேல் கட்டியிருக்கிறான். அவருடைய பெண்தான் இந்த ஆஃபியா. சின்னப் பெண்ணாக அப்பாவோடு வந்து ஐஸ் மேட்டில் சறுக்கி விளையாடியவர். எந்த லாரிக்கு எந்த ஐஸ் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ரமாபாய் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே மருந்துக் கடைக்குப் போனாள். ஜெயவேலும் எழுந்தான்.

"ஜெயவேலண்ணே, உப்பா?"

"ஆமாம்மா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. தன்னையே திட்டிக்கினுகீது."

"நான் சொல்ல மாட்டேன். வூட்டுக்குப் போயி நீங்களே சொல்லுங்க. காயத்துக்கு வாசலின் போதும். அவங்க தன்ன திட்டிக்கிறாங்களே, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் விடிகாலையில் ஒரு தார்ப்பாயும் கயிறும் எடுத்துக்கொண்டு அவளோடு வண்டிக்குப் போனான். வண்டியைத் திருப்பினான். கூரையிலிருந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். மீன் பெட்டிக்குப் போடுகிற கட்டு. புயலே வந்தாலும் அவிழாது. ரமாபாய் முதல் ஈடு இட்லியை எடுத்துக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தாள்.

"என் புத்தியதான்..."

"ரமா."

பெயர் சொல்லி அவன் கூப்பிடுவது அபூர்வம். கரண்டியோடு திரும்பினாள்.

"அது வெறும் ஐஸ் இல்ல. கொல்லம் லாரிக்குப் போட்டது. உப்பு கலந்தது. கரையாம வரும்னு எடுத்தாந்தேன். வஞ்சிரத்துக்குப் போடறதாச்சே, நல்லதுன்னு நெனச்சேன்."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"உப்பு."

"ம்."

"எம்மாம் உப்பு?"

"கூடைக்கு ரெண்டு கை."

"இன்னாய்யா, என்னைக் கருவாடு போடலாம்னு பாத்தியா?"

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு மூன்று நாள் அவனோடு பேசவில்லை. "அம்மு, உங்க நைனாவ சாப்பிடச் சொல்லு" என்று கூப்பிட்டாள். அந்த மூன்று நாளும் அவன் சாம்பாரில் உப்பு இல்லை. குழம்பில் இல்லை, ரசத்திலும் இல்லை. அம்முவின் தட்டில் இருந்தது. ஜெயவேல் கேட்கவில்லை. சப்பென்ற சோற்றைப் பிசைந்து கடைசிப் பருக்கைவரை தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். நாலாம் நாள் உப்பு வந்தது. அன்றைக்குத் தன்னைத் திட்டிக்கொள்வதையும் நிறுத்தியிருந்தாள். திட்டுவதற்கு வேறு ஆள் கிடைத்துவிட்டான்.

கொப்புளம் வற்றியது. மேல் தோல் உதிர்ந்தது. அடியில் கறுப்புக் கன்னத்தின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு புதுத்தோல், இட்லி அளவுக்கு வட்டமாக எட்டிப் பார்த்தது. மங்குவாவது தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. இது தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் ரமாபாய் சித்தப்பா மகள் மலர்க்கொடிக்குப் போன் செய்தாள். "முடிச்ச நீ போட்டுடு. எனக்கு முடியல" என்றாள். இதைக் கேட்ட அறிவு ஓடி வந்தான்.

"இன்னாக்கா இது, நீ இல்லாம நான் இன்னாத்துக்குத் தாலி கட்டறது?"

"அதான் கண்ணு, நான் கீழ முன் வரிசைலதான குந்தினுருப்பேன்."

"மாமா, நீ சொல்லு மாமா."

மாமா என்னத்தைச் சொல்வான். அந்தக் காயமே அவன் கை வாரிக் கொண்டுவந்த ஐஸ்தானே.

கல்யாணம் திருவொற்றியூரில். காலை முகூர்த்தம். பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்திருந்த பெண் ரமாபாயைப் பார்த்ததும், "இங்க வாங்கக்கா, ரெண்டு கோட்டிங் குடுத்தா ஒண்ணும் தெரியாது" என்றாள். ரமாபாய் போய் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டாள். டப்பா திறந்தது. பஞ்சு கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது. "வேணாம்மா" என்று எழுந்துவிட்டாள். "தோலு இன்னும் முழுசா மூடல. மூடற வரைக்கும் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க." மூன்று வாரத்துக்கு முன்னால் போன் சொன்னதையெல்லாம் அப்பிக்கொண்ட அதே ரமாபாய்தான். முந்தானையை இடது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மணமகன் அறையில் போய்க் கதவோரமாக நின்றாள்.

மேடையில் மலர்க்கொடி பட்டுப்புடவையில் தயாராக நின்றாள். மேளக்காரர்கள் ஒரு வாசிப்பை முடித்து அடுத்ததற்கு முன்னால் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் பெரியம்மா மேடைப் படியருகே வந்து சத்தமாகக் கேட்டாள்.

"மாப்ள அக்கா எங்க? அவங்கதான முடிச்சு போடணும்?"

"அவங்களுக்கு மூஞ்சில இன்னாவோ வந்துடுச்சாம்" என்றது பின்வரிசை. "ஏதோ ஒட்டுற வியாதியாம்" என்றது அதற்குப் பின்வரிசை.

அப்போது பெரியம்மா கைக்குட்டையால் வியர்வையை ஒற்றினாள். பவுடர் கைக்குட்டையோடு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஜெயவேல் பார்த்தான். அடியில் அதே டீ நிறம். இரண்டு கன்னத்திலும். அந்த அம்மாள்மேல் இத்தனை நாளாக வைத்திருந்த கோபம் அவனுக்கு அந்த இடத்திலேயே விட்டுப்போயிற்று.

"வியாதியெல்லாம் இல்லம்மா" என்றான். ஏலம் கூவுகிற இடத்தில் இருபத்திரண்டு வருடம் பேசிப் பழகிய குரல். மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவன்வரை கேட்டது. "நான் பண்ண வேல. மங்கு போவணும்னு ஐஸ் கேட்டா. வெறும் ஐஸ் குடுத்தா கரைஞ்சிடுமேன்னு, கேரளாவுக்கு வஞ்சிரம் அனுப்புற உப்பு ஐஸ எடுத்தாந்து குடுத்தேன். பொண்டாட்டிய மீனு மாரி பேக் பண்ணிட்டேன். லாரில ஏத்துறதுதான் பாக்கி."

முதலில் காசிமேட்டுக்காரர்கள் சிரித்தார்கள், அவர்களுக்குத்தான் உப்பு ஐஸ் என்றால் தெரியும். அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல, வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போனது.

"ஐயோ பாவம், எம்மாம் நேரம்ப்பா வச்ச?" என்றது ஒரு கிழம்.

"நாலு நிமிசம் தாத்தா. எங்க ஆளு கத்தவேயில்ல. கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னாடி நிக்கிற பொம்பள. நானா இருந்தா நாலாவது செகண்டுல கடல்ல குதிச்சிருப்பேன். மூணு நாளு எனக்கு உப்பில்லாத சோறு போட்டா. துன்னேன்."

"இன்னும் போடணும்" என்றாள் பெரியம்மா, சிரித்ததில் கண்ணீர் வந்துவிட்டது. "அப்புறம் எந்த டாக்டரு பாத்தாங்க?"

"சொல்றேன், கேளுங்க. அந்தம்மா வேற என்னைப் பாத்து..."

"யோவ்."

மணமகன் அறைக் கதவு திறந்து கிடந்தது. ரமாபாய் மேடைக்கு ஏறிவிட்டாள். முந்தானையைப் பிடித்திருந்த கை இப்போது ஜெயவேலை நோக்கி நீண்டிருந்தது. முகத்தில் ஒரு மறைப்பும் இல்லை.

"வாய மூடுறியா, இல்லையா. மண்டபத்துல மைக்கு வச்சிதான் சொல்லல. ஊரக் கூட்டி என் மானத்த வாங்கறதுக்கா உனக்குப் புது வேட்டி?"

ஜெயவேல் வாயை மூடிக்கொண்டான். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவன் போலத்தான் மூடினான். மேடைக்கு அவளை வரவைக்கத்தான் அப்படிக் கத்தினானா, இல்லை வாய் சும்மா இருக்காமல் கத்தினானா என்று பின்னால் அம்மு பலமுறை கேட்டிருக்கிறாள். "ரெண்டுந்தான்" என்பான்.

கெட்டி மேளம் கொட்டினார்கள். அறிவு தாலியை எடுத்தான். முதல் முடிச்சைப் போட்டான். கயிற்றின் இரண்டு முனைகளையும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். மலர்க்கொடி கை நீட்டினாள். நீட்டிய கையை அக்கா முகத்தைப் பார்த்ததும் அவளே பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, புடி" என்றான் அறிவு.

ரமாபாய் இன்னும் ஜெயவேலைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். முறைத்தபடியே கயிற்றை வாங்கினாள். வீடியோக்காரன் விளக்கைத் தூக்கினான். வெள்ளை வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. மங்குவும் வட்டமான புதுத்தோலும் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. அவளுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதையும் இழுத்துப் போட்டாள். வண்டித் தார்ப்பாய்க்கு ஜெயவேல் போட்டானே, அதே இறுக்கம். பெண் லேசாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

கல்யாண வீடியோ வந்து இரண்டு மாதமாகிறது. ரமாபாயின் கன்னம் ஆறிவிட்டது. வட்டம் மங்கலாக இருக்கிறது, மங்குவும் இருக்கிறது. தினமும் விடிகாலையில் வண்டிக்குக் கிளம்புமுன் சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்கிறாள். மிச்சத்தைக் கையில் வழித்து ஜெயவேல் மூஞ்சியிலும் ஒரு அப்பு அப்புகிறாள். கவிச்சியோடு அதுவும் சேர்ந்து அவன் இப்போது ஒரு புது மாதிரியாக நாறுகிறான் என்று காசிமேட்டில் தோஸ்துகள் சொல்கிறார்கள்.

டாக்டர் ஆஃபியாவின் விலாசத்தை வாங்கிக்கொண்டு போக ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்திருந்தாள். அம்மு வீடியோவைப் போட்டாள். வீடியோக்காரன் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு மேலே நாதஸ்வரத்தைப் போட்டிருந்தான். திரையில் ரமாபாய் குனிந்து முடிச்சுப் போடுகிறாள். முகம் மிக அருகில். உதடு இரண்டும் விடாமல் அசைந்துகொண்டே இருக்கிறது.

"பாத்தியா" என்றாள் பெரியம்மா, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. "ஒவ்வொரு முடிச்சுக்கும் வாய்க்குள்ள வேண்டிக்கினே போடறாங்க. மெய்யாலுமே அம்மா மாரிதான்."

ரமாபாய் எழுந்து டீ போடப் போனாள்.

ஜெயவேல் அந்த முடிச்சு நேரத்தில் மூன்றடி தூரத்தில் நின்றவன். இரண்டாவது முடிச்சுக்கு அவள் சொன்னது, "கஸ்மாலம், வாயிலதான் உனக்குச் சனி." மூன்றாவதுக்கு, "வூட்டுக்கு வா, உனக்குக் கீது."